ஆயிரம் பெண்மக்களின் தாய் முதுமை அடைந்த கதை

நூற்றாண்டு மலருக்குக் கல்லூரி வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் எங்களைக் கேட்டார்கள். கேட்ட பிள்ளைகளுக்கு எங்கள் பேரப்பிள்ளைகளின் வயது. எங்களில் இளையவருக்கே எழுபது கடந்துவிட்டது. விடுதியில் ஒரே காலத்தில் படுத்தெழும்பிய நாங்கள் சிலர், உடுவிலிலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தபடி, எதை எழுதலாம் என்று தொலைபேசியில் பல நாள் பேசினோம்.

தொடக்கத்தைப் பற்றி எழுதலாம் என்றார் ஒருவர். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதிபர்களின் பட்டியலும் கட்டடங்களின் ஆண்டுகளும் முன்னைய மலர்களில் உண்டு. கடைசியில் எங்களில் மூத்தவர் சொன்னார்: "எல்லாரும் ஆரம்பத்தைத்தான் எழுதுகினம். அக்னியூ அம்மையார் கிழவியான பிறகு என்ன செய்தா எண்டு ஆரும் எழுதேல்லை. எங்களுக்கு இப்ப தேவை அதுதானே?"

அவர் சொன்னது சரியாகப் பட்டது. எங்கள் கல்லூரி பெண்களுக்கு எழுத்தறிவித்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் கதைக்குள் முதுமையைப் பற்றிய ஒரு பாடமும் இருக்கிறது. பாடசாலையில் இருந்த காலத்தில் அது எங்கள் கண்ணில் படவில்லை. இப்போதுதான் படுகிறது.

முதுமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியைத் தொடங்கியவருக்கே அது கிடைக்கவில்லை.

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கியது. 1820 இல் உடுவிலுக்கு வந்தவர்கள் மைரன் வின்சிலோவும் அவருடைய மனைவி ஹரியற் அம்மையாரும். கணவரின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். 1862 இல் வெளிவந்த வின்சிலோ தமிழ் ஆங்கில அகராதி அவருடையது. மனைவி செய்த வேலை அகராதியாக அச்சேறவில்லை. அது எங்கள் பாட்டிமாரின் வாயிலும் கையெழுத்திலும் நின்றது.

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. வழிவழியாக நாம் கேட்டுவந்த கதை ஒன்று உண்டு. ஒரு மழை நாளில் இரண்டு சிறு பெண்கள் மிஷன் வீட்டில் ஒதுங்கினார்கள். மழை விடவில்லை. பசி வந்தது. பாணும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். இளையவள் சாப்பிட்டாள், மூத்தவள் தொடவில்லை. தேடி வந்த பெற்றோர், பிள்ளை அந்நியர் கையால் உண்டுவிட்டாள் என்று அறிந்து கோபித்து, இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போனார்களாம். சின்னவர்களாக இருந்தபோது இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு கேட்டோம். தாய்மாரான பிறகு கேட்டபோது, அன்று இரவு வீடு திரும்பிய அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தோம். எங்கள் கல்வியின் முதல் பக்கத்தில் ஒரு தாயின் கண்ணீரும் உண்டு.

1824 ஆம் ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஹரியற் அம்மையார் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1833 ஜனவரியில், அவர் உடுவிலிலேயே காலமானார். முப்பத்தாறு வயதுதான். தான் எழுத்தறிவித்த பிள்ளைகளின் பிள்ளைகளை அவர் காணவில்லை. எங்கள் கால்கள் நோகும்போதும், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடும்போதும், இந்தக் கணக்கை நினைத்துக்கொள்கிறோம். அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் போல இரண்டு மடங்கு எங்களுக்கு அருளப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பின் மேரி ஸ்போல்டிங் அம்மையார் பொறுப்பேற்றார். அவரும் கணவர் லெவி ஸ்போல்டிங்கும் வின்சிலோ தம்பதியர் வந்த அதே 1820 இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். ஸ்போல்டிங் ஐயர் 1873 இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், இந்த மண்ணில் வாழ்ந்தார். வந்த ஊரிலேயே மூப்படைவது என்ற வழக்கம் உடுவிலில் அவர்களோடு தொடங்கிவிட்டது.

எலைசா அக்னியூ அம்மையார் 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், புவியியல் பாடத்தின்போது ஆசிரியை உலகப் படத்தில் தூர தேசங்களைக் காட்டியதைக் கேட்டு, வளர்ந்ததும் மிசனரியாகப் போவேன் என்று மனதுக்குள் தீர்மானித்தாராம். ஆனால் அவர் உடனே புறப்படவில்லை. முப்பது வயதுவரை வீட்டில் நெருங்கிய உறவினருக்கு அவருடைய துணை தேவைப்பட்டது. அவர்களைக் கடைசிவரை பார்த்து, அவர்கள் கண்மூடிய பிறகுதான் கப்பலேறினார். 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

இந்தச் சிறு விவரத்தை நாங்கள் முன்பு கவனித்ததில்லை. இப்போது வாசிக்கும்போது இதில்தான் கண் நிற்கிறது. எட்டு வயதில் எடுத்த தீர்மானம் நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பெண் அவர். அந்த ஆண்டுகள் வீண் என்று அவர் நினைக்கவில்லைப் போலும். மற்றவர்களின் முதுமைக்கும் நோய்க்கும் கைகொடுத்துப் பழகிய கைகளோடுதான் அவர் எங்கள் ஊருக்கு வந்தார்.

வந்தவர் நாற்பது ஆண்டுகள் உடுவில் பாடசாலையை நடத்தினார். மணமாகாதவர். ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, நேரம் கிடைக்கவில்லை என்பதே அவருடைய மறுமொழியாக இருந்ததாம். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல். முதலில் படித்தவர்களின் மகள்மாரும், பின்னர் பேத்திமாரும் அவரிடமே படித்தார்கள். ஆகவேதான் ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயர் அவருக்கு வந்தது. விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் ஊர்களுக்குப் போய், அவர்களை வீடு தேடிச் சந்திப்பது அவருடைய வழக்கம். மணமாகிப் போனவளின் அடுப்படி எப்படி, பிள்ளை எப்படி, வேதப்புத்தகம் திறக்கப்படுகிறதா என்று பார்த்துவருவார். பழைய மாணவிகள் சங்கம் என்று ஒன்று எழுத்தில் இல்லாத காலத்தில், அந்த ஒரு பெண்மணியின் கால்நடைதான் சங்கமாக இருந்தது.

அந்தக் காலத்து மிஷனைப் பற்றிக் குறை சொல்லவும் இடமுண்டு. கொடையாளரை மகிழ்விக்க எங்கள் முன்னோர்ப் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. பிள்ளைகளைப் படிப்பு முடியும்வரை நிறுத்திவைக்க, சீதனப் பணமும் கொடுக்கப்பட்டது. எங்கள் சமயத்தையும் வழக்கங்களையும் முழுவதும் விளங்கிக்கொள்ளாமல் எழுதப்பட்ட அறிக்கைகளும் உண்டு. எங்களில் பலர் சைவக் குடும்பங்களிலிருந்து வந்து படித்தவர்கள். காலையில் கல்லூரி ஆராதனையிலும் மாலையில் வீட்டில் தேவாரத்திலும் வளர்ந்தவர்கள். 1913 இல் அயலிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியபோது, பெண் கல்வி இந்த மண்ணில் எல்லோருடைய சொத்தாகிவிட்டது. குறைகளை அறியாமல் சொல்லும் நன்றி பிள்ளைப் பருவத்து நன்றி. எல்லாவற்றையும் அறிந்த பிறகும் மனம் நன்றி சொல்லுமானால், அது வயதோடு முதிர்ந்த நன்றி என்று எண்ணுகிறோம்.

1879 இல் அக்னியூ அம்மையார் பொறுப்பை விட்டார். வயது எழுபத்திரண்டு. அவருக்குப் பின் சூசன் ஹவ்லண்ட் அம்மையார் வந்தார். நாற்பது ஆண்டுகள் ஒரு பாடசாலையின் மூச்சாக இருந்தவர், அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வருவது எளிதல்ல. எங்களில் ஆசிரியைகளாக இருந்து ஓய்வுபெற்றவர்களைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற முதல் திங்கட்கிழமை காலையில் சேலை உடுத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் விறாந்தையில் நின்றதைச் சொல்வார்கள்.

அம்மையார் அப்போதும் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. மானிப்பாய்க்குப் போனார். அங்கே, புதிதாக வந்திருந்த மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகளின் வீட்டில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். அந்தச் சகோதரிகள் அவருக்கு மகள்மாரின் வயதினர். ஆயிரம் பேரைப் பார்த்தவர் இப்போது இரண்டு பேரால் பார்க்கப்பட்டார்.

1883 இல் அவர் நோயில் விழுந்தார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றி லீச் சகோதரிகள் எழுதிவைத்த ஒரு செய்தி எங்களைத் தொட்டது. அருகில் இருந்தவர்கள், உங்களுக்காக என்ன கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்களாம். அவர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபியுங்கள் என்றாராம். அதே வேளையில் உடுவில் விடுதிப் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றுகூடி, அம்மையாருக்கு வேதனை இல்லாதிருக்க வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மாரும் பாட்டிமாரும் அவரிடம் படித்தவர்கள். அந்த ஆண்டிலேயே அவர் கண்மூடினார். யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்தது நாற்பத்துமூன்று ஆண்டுகள்.

அவர் அவர்களுக்காகவும் அவர்கள் அவருக்காகவும் ஜெபித்த அந்த நாட்களைப் பற்றியே நாங்கள் அதிகம் பேசினோம். அம்மையார் கொடுப்பதில் வல்லவர். ஆனால் கடைசியில் வாங்கிக்கொள்ளவும் மறுக்கவில்லை. தூக்கிவிட்ட கைகளை அவர் தட்டிவிடவில்லை. விடுதிப் பிள்ளைகள் தனக்காக ஜெபிக்க இடங்கொடுத்தார்.

எங்களுக்கு இதுதான் கடினமாக இருக்கிறது. எங்கள் தோழி ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தாதியாக இருந்தவர். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, உணவூட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது, மருமகள் குளிப்பாட்ட வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். "நான் ஒருத்தருக்கும் பாரமாயிருக்கமாட்டன்" என்பதே பேச்சு. பல மாதங்கள் அப்படிப் போயின. ஒரு நாள் மருமகள் அழுதுகொண்டே கேட்டாளாம்: "மாமி, நீங்கள் பார்த்த நோயாளிகள் எல்லாரும் உங்களுக்குப் பாரமாகவோ இருந்தவை?" அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இப்போதும் சில நாட்களில் கோபிப்பார். ஆனால் குளித்து முடிந்ததும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, "சந்தோஷம் பிள்ளை" என்று சொல்லப் பழகியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழகுவதற்குத் தன் தாதித் தொழிலைவிட அதிக பலம் வேண்டியிருந்தது என்று அவரே எங்களிடம் சொன்னார்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இளமையில் தன் விருப்பப்படி நடந்த பேதுரு முதுமையில் இன்னொருவரால் நடத்தப்படுவார் என்று ஆண்டவர் சொல்கிறார். அது பேதுருவின் மரணத்தைக் குறித்த சொல் என்று சுவிசேஷமே விளக்குகிறது. ஆனாலும் எங்கள் வயதில் வாசிக்கும்போது அதில் வேறொன்றும் கேட்கிறது. பின்பற்றி வா என்ற அழைப்பு, கால்கள் தளர்ந்த பிறகும் முடிவதில்லை. நடந்து பின்பற்றிய காலம் போய், தூக்கப்பட்டுப் பின்பற்றும் காலம் வருகிறது.

தூக்கப்படுவது என்றதும் எங்கள் தலைமுறைக்கு ஓர் இரவு நினைவு வரும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவு. மழை. நாவற்குழி வீதி முழுக்கச் சனம். நடக்க முடியாத வயோதிபர்களைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினோம். கதிரையோடு தூக்கினோம். "என்னை விட்டிட்டுப் போங்கோ" என்று அவர்கள் கெஞ்சினார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அன்று உருட்டியவர்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது. இன்று நாங்கள்தான் சக்கர நாற்காலியில் இருக்கிறோம். அன்று எங்கள் தாய்மாரை நாங்கள் பாரம் என்று எண்ணவில்லையே. பிறகு எங்களை மட்டும் ஏன் பாரம் என்று எண்ணிக்கொள்கிறோம்?

இந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. தனிமை உண்மையானது. பிள்ளைகள் கடல் கடந்துபோன பெரிய வீடுகளில், ஒரு அறையில் மட்டும் விளக்கெரியும் தோழிகள் ஊரில் இருக்கிறார்கள். பனி மூடிய நகரங்களில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின் யன்னலருகே இருந்து, தமிழில் ஒரு சொல் பேச ஆளின்றி மாலைவரை காத்திருக்கும் தோழிகளும் இருக்கிறார்கள். நினைவு தவறிப்போய், எங்களையே அடையாளம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். விசுவாசம் இருந்தால் இந்தத் துயரம் வராது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 71 ஆம் சங்கீதத்தைப் பாடியவருக்கே முதுமையில் கைவிடப்படும் பயம் இருந்தது. அவர் அந்தப் பயத்தை மறைக்கவில்லை. அதையே ஜெபமாக்கினார். அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியது தன்னிடம் இன்னும் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

அந்தச் சொல்ல வேண்டியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் கல்லூரி கைமாறிக் கைமாறி வந்தது. ஹரியற் அம்மையாரிடமிருந்து மேரி ஸ்போல்டிங் அம்மையாருக்கும், பிறகு அக்னியூ அம்மையாருக்கும், அவரிடமிருந்து ஹவ்லண்ட் அம்மையாருக்கும் வந்தது. 1941 இல் செல்வி அரியம் ஹட்சன் பரமசாமி பொறுப்பேற்றபோது, இந்த மண்ணின் மகள் ஒருவரின் கைக்கு வந்தது. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரானபோது, மிஷனின் திருச்சபையும் எங்கள் கைக்கு வந்தது. முன்னையவர்கள் பிடித்த பிடியை விடாதிருந்தால், பின்னையவர்களுக்கு ஒன்றும் கிடைத்திராது. நாங்கள் இன்று அனுபவிப்பவை எல்லாம் யாரோ ஒருவர் முதுமையில் மனமுவந்து விட்டுக்கொடுத்தவை.

ஆகவே இந்த நூற்றாண்டில் நம் சங்கத்தின் சகோதரிகளிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம்.

இளையவர்களே, கட்டட நிதிக்கும் விருந்துக்கும் ஒழுங்கு செய்யும்போது, அக்னியூ அம்மையாரின் விடுமுறைப் பயணங்களையும் நினைவில் வையுங்கள். உங்கள் வகுப்பாசிரியை எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். ஊருக்குப் போனால் அரை மணித்தியாலம் அவர் வீட்டு விறாந்தையில் இருந்துவிட்டு வாருங்கள். கொண்டுபோகும் சொக்லேற் பெட்டியைவிட, அவர் படிப்பித்த ஒரு பாடம் உங்களுக்கு எங்கே பயன்பட்டது என்று சொல்வது அவருக்கு இனிக்கும். தூரத்தில் இருப்பவர்கள் வட்ஸ்அப் குழுவில் பூப்படம் அனுப்புவதோடு நிற்காமல், பொத்தானை அழுத்திப் பேசுங்கள்.

எங்கள் வயதுத் தோழிகளே, வருபவர்களை வரவிடுங்கள். வீடு ஒழுங்கில்லை, தலை வாரவில்லை, காது கேட்காது என்று சாட்டுச் சொல்லாதீர்கள். கைபிடிக்க வரும் பிள்ளைக்குக் கையைக் கொடுங்கள். அவளுக்காக ஒரு வரி ஜெபம் செய்யுங்கள். அதற்கு எழும்பி நிற்க வேண்டியதில்லை, கண்ணாடியும் தேவையில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் அன்னாள் எண்பத்துநான்கு வயது விதவை. தேவாலயத்தில் இருந்து ஜெபிப்பதே அவள் வேலை. குழந்தை இயேசுவைக் கண்டதும் நன்றி சொன்னாள், பிறகு மற்றவர்களுக்கும் சொன்னாள். அவளுக்கு அந்த வயதில் கொடுக்கப்பட்ட ஊழியம் எங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும்போது எங்களில் ஒருவர் வைத்தியசாலையில் இருக்கிறார். கட்டுரையைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். கேட்டு முடித்துவிட்டு, அக்னியூ அம்மையார் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை என்ற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. எனக்காகவும் ஜெபியுங்கோ" என்றார்.

ஜெபிக்கிறோம். இந்த மலரை வாசிக்கும் நீங்களும் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். எங்களைப் படிப்பித்தவர்களுக்காகவும், எங்களைத் தூக்கி நடத்துகிறவர்களுக்காகவும், எங்களுக்குப் பின் அந்த மண்டபத்தில் காலையில் கூடி நிற்கும் பிள்ளைகளுக்காகவும் கர்த்தருக்கு நன்றி.